வெள்ளிக்கிழமைக் கணக்கு - 17: அது சாட்சிக் கையெழுத்து இல்லீங்க

போன வாரம் கிரெடிட் ஸ்கோர் பத்தி எழுதினதுக்கு வந்த பின்னூட்டங்கள்ல மூணு பேர் ஒரே கேள்விய வேற வேற மாதிரி கேட்டிருந்தாங்க. "புதுசா வந்த ஜூனியர் ஒருத்தன் கார் வாங்கறான், கூட ஒரு கையெழுத்து போடச் சொல்றான், போடலாமா?" ஒரே வரியில பதில் சொல்லிட்டுப் போயிருக்கலாம். ஆனா இந்த விஷயத்துல ஒரு வரி பதில கேட்டு யாரும் கையெழுத்து போடாம இருந்ததா சரித்திரம் இல்ல. அதனால ஒரு முழுப் பதிவே போட்டுடறேன். உதாரணத்துக்கு எங்கயும் தேட வேண்டாம், என் ரூம்மேட்டே இருக்கான். அவன்கிட்ட அனுமதி வாங்கிட்டுத்தான் எழுதறேன். பேரு மட்டும் கிடையாது.

மொதல்ல அந்த வார்த்தைய பார்ப்போம். நம்ம ஊர்ல ரெண்டு விதமான கையெழுத்து உண்டு. ஒண்ணு சாட்சிக் கையெழுத்து. பத்திர ஆபீஸ்ல, கல்யாணப் பதிவுல போடறது. "இவர் என் கண்ணு முன்னாடி கையெழுத்து போட்டார்"னு சொல்றதோட நம்ம வேலை முடிஞ்சுது. இன்னொண்ணு ஜாமீன் கையெழுத்து. இது வேற ஜாதி. யாருக்காவது பேங்குல ஜாமீன் போடப்போறேன்னு அப்பா சொன்னா அன்னிக்கு ராத்திரி வீட்டுல சோறு கிடைக்காது. அவ்வளவு தெளிவா நம்ம அம்மாக்களுக்கு வித்தியாசம் தெரியும். இங்க வந்தா அதுக்குப் பேரு கோ-சைன். கேக்கறதுக்கு மெத்துன்னு, ஏதோ கூட நின்னு ஒரு கையெழுத்து போட்டுட்டு காபி குடிச்சிட்டு வர்ற மாதிரி இருக்கு. ஆனா அது அசல் ஜாமீன் கையெழுத்து. அதுவும் கொஞ்சம் கடுமையான ஜாமீன்.

நான் சொல்லல, அவங்க அரசாங்கமே சொல்லுது. 1985லேர்ந்து அமெரிக்காவுல ஒரு விதி அமல்ல இருக்கு. கோ-சைன் பண்றவங்களுக்கு, அவங்க கையெழுத்து போடறதுக்கு முன்னாடி, தனியா ஒரு அறிவிப்பு கொடுக்கணும். அதோட சாரம் இதுதான்: இந்தக் கடனுக்கு நீ உத்தரவாதம் தர்ற, நல்லா யோசிச்சுக்க. கடன் வாங்கினவர் கட்டலைன்னா நீ கட்டணும். தாமதக் கட்டணம், வசூல் செலவெல்லாம் சேர்த்துக் கட்ட வேண்டி வரலாம். கடன் வாங்கினவர்கிட்ட மொதல்ல கேக்காமலேயே நேரா உன்கிட்ட வந்து கேக்கலாம். கட்டாம போனது உன் கிரெடிட் பதிவுலயும் ஏறலாம்.

நாலாவதா சொன்னத இன்னொரு தடவ படிங்க. "மொதல்ல அவன்கிட்ட போய்க் கேளுங்க"ன்னு சொல்ற உரிமை பொதுவா கோ-சைன் பண்ணினவருக்குக் கிடையாது. இந்த அறிவிப்பு டீலர்ஷிப்ல நீட்டற முப்பது நாப்பது காகிதக் கட்டுக்குள்ள ஒரு தாளா இருக்கும். என் ரூம்மேட்டோட கட்டுலயும் இருந்துது. பளிச்சுனு இருந்துது.

சரி, மேட்டருக்கு வருவோம்.

ரூம்மேட்டுக்கு ஒரு சீனியர். ஊர்க்காரர், ஏர்ப்போர்ட்டுக்கு வந்து கூட்டிட்டுப் போனவர், மொத ரெண்டு வாரம் தன் ரூம்ல படுக்க இடம் குடுத்தவர். அண்ணன்னு கூப்பிடற உறவு. படிப்பு முடிஞ்சு அவருக்கு வேற ஊர்ல வேலை கிடைச்சுது, கார் இல்லாம ஆபீஸ் போக முடியாத ஊரு. சீனியரோ, வந்த நாள்லேர்ந்து டெபிட் கார்டு தவிர எதையும் தொடாதவர், அதனால ஸ்கோரே கிடையாது. நம்மாளு மொத செமஸ்டர்லயே ஸ்டூடண்ட் கிரெடிட் கார்டு வாங்கி ஒழுங்கா கட்டிட்டு வந்தவன். ஒழுங்கா இருந்ததுக்கு தண்டனை :-) 14,000 டாலர் கார் லோன்ல ரெண்டாவது கையெழுத்து.

ஒரு வருஷத்துக்கு மேல ஒழுங்கா கட்டினார். அப்புறம் கம்பெனியில ஆள் குறைச்சாங்க. படிப்பு முடிச்சு ஓ.பி.டி.ல இருக்கறவங்களுக்கு வேலை இல்லாம இருக்க மொத்தம் 90 நாள்தான் அனுமதி. அது ஓடிட்டே இருக்க, வேலை கிடைக்கல, ஊருக்குப் போயிட்டார். காரை ஒரு நண்பர் வீட்டு வாசல்ல விட்டுட்டு, "வித்துக் குடுத்துடு, லோன அடைச்சிடலாம்"னு சொல்லிட்டுப் போனார். அது விக்கல. அவரும் ஊர்லேர்ந்து ரெண்டு மாசம் கட்டினார். அப்புறம் நின்னு போச்சு.

அதுக்கப்புறம் நடந்ததுதான் பாடம். லோன் கம்பெனி காரைத் தூக்கிட்டுப் போனாங்க. இங்க பெரும்பாலும் இதுக்கு கோர்ட் உத்தரவெல்லாம் தேவையில்ல, அடிதடி தகராறு இல்லாம எடுத்துட்டுப் போகலாம். ஏலத்துல வித்தாங்க. "அப்பாடா, கார் போச்சு, கடனும் போச்சு"ன்னு நினைப்போம் இல்லையா? அங்கதான் கணக்கு ஆரம்பிக்குது.

பாக்கி அசல் 9,600. ஏலத்துல போனது 4,300. மிச்சம் 5,300. காரைத் தூக்கினது, நிறுத்தி வெச்சது, ஏலம் விட்டது எல்லாத்துக்கும் 850. ஆக 6,150. அது மேல வட்டி, தாமதக் கட்டணம்னு 1,230. மொத்தம் 7,380 டாலர். இல்லாத காருக்கு, ஓட்டாத ஆள் கட்ட வேண்டிய தொகை. ஏலத்துக்கு முன்னாடி கோ-சைன் பண்ணினவருக்கும் நோட்டீஸ் அனுப்பணும்னு சட்டம். அனுப்பினாங்களாம், நம்மாளு ரெண்டு வருஷம் முன்னாடி காலி பண்ணின அபார்ட்மெண்ட்டுக்கு.

அப்புறம் போன் வர ஆரம்பிச்சுது. ஊர்ல அவங்கம்மாகிட்ட யாரோ "அவனுக்கு கலெக்டர் போன் பண்றாராம்"னு சொல்ல, அம்மா "அப்படியா, நல்ல விஷயம்தானேப்பா"ன்னாங்க. ஒரு மாசத்துல நாங்க சிரிச்சது அந்த ஒரு தடவதான். இனிமே நான் வசூல்காரர்னே எழுதறேன், மாவட்ட ஆட்சியர்கள் மன்னிக்கட்டும்.

காலையில லேபுக்குக் கிளம்பும்போது போன். சாயங்காலம் போன். டிபார்ட்மெண்ட் ஆபீஸுக்கு ஒரு தடவ போன். "நீ ஸ்டூடண்ட் விசாவுல இருக்கேல்ல, இது கோர்ட்டுக்குப் போனா விசா என்ன ஆகும்னு யோசிச்சியா?"ன்னு ஒரு குரல். அவன் ராத்திரி தூங்கல. "மச்சி, கார்டுல எவ்வளவு இழுக்க முடியுமோ இழுத்து மொத்தமா கட்டிடறேன்டா, இது வேணாம்டா"ன்னு ரெண்டு தடவ சொல்லிட்டான். பயத்தை விட அவமானம் ஜாஸ்தி. நம்ம வீடுகள்ல கடன்காரன் வாசல்ல வந்து நின்னான்னா அதுதான் கடைசி. வசூல்காரங்களோட முதலீடே அதுதானே.

நல்லவேளையா எங்க யுனிவர்சிட்டியில மாணவர் சட்ட உதவி மையம் ஒண்ணு இருக்கு. நிறைய யுனிவர்சிட்டிகள்ல உண்டு, நாம கட்டற ஃபீஸுலயே அதுவும் அடக்கம், பாதிப் பேருக்கு அது இருக்கறதே தெரியாது. அங்க இருந்த வக்கீல் அம்மா மொதல்ல சொன்னது: "போன்ல பேசாதே. காகிதத்துல பேசு." அவங்க விளக்கினதையும், நான் அப்புறம் உக்காந்து படிச்சதையும் சேர்த்து கீழ தர்றேன்.

கடன் வசூல் நடைமுறைகளுக்குன்னே 1977ல ஒரு மத்திய சட்டம் போட்டாங்க. அதை எப்படி அமல்படுத்தணும்னு விரிவான விதிகள் 2021 நவம்பர் 30லேர்ந்து நடைமுறைக்கு வந்துது. முக்கியமா ஒண்ணு: இந்தச் சட்டத்தோட பாதுகாப்பு கடன் வாங்கினவருக்கு மட்டும் இல்ல. "கட்டவேண்டியவர்"னு சொல்லப்படற யாருக்கும் உண்டு. அதாவது கோ-சைன் பண்ணினவருக்கு கடமை முழுசா இருக்கற மாதிரி, உரிமையும் முழுசா இருக்கு. இதை யாரும் டீலர்ஷிப்ல சொல்ல மாட்டாங்க.

நேரம்: நாம இருக்கற ஊர் நேரப்படி காலை 8 மணிக்கு முன்னாடியும் ராத்திரி 9 மணிக்கு அப்புறமும் கூப்பிடக்கூடாது.

எண்ணிக்கை: ஒரு கடனுக்கு ஏழு நாள்ல ஏழு தடவைக்கு மேல கூப்பிட்டா அது தொந்தரவுன்னு எடுத்துக்கலாம். ஒரு தடவ பேசிட்டாங்கன்னா அடுத்த ஏழு நாளைக்கு மறுபடி கூப்பிடறதும் அப்படித்தான்.

வேலை இடம்: அங்க இந்த மாதிரி போன் எடுக்க அனுமதி இல்லன்னு தெரிஞ்சா அங்க கூப்பிடக்கூடாது. மத்தவங்களுக்குப் போன் பண்ணினா நம்ம முகவரி, நம்பர் கண்டுபிடிக்க மட்டும்தான் கேக்கலாம், பொதுவா ஒரே தடவ. கடன் விஷயத்தை மூச்சு விடக்கூடாது.

மிரட்டல்: ஜெயில்ல போடுவேன்னு சொல்லக்கூடாது. செய்ய முடியாத, செய்யற எண்ணமும் இல்லாத எதையும் செய்வேன்னு சொல்லக்கூடாது. கார் கடன் பாக்கிங்கறது சிவில் விவகாரம். அதுக்காக யாரையும் நாடு கடத்த மாட்டாங்க. அந்த விசாப் பேச்சு வெறும் பூச்சாண்டி. தேதி, நேரம், சொன்ன வார்த்தை எல்லாத்தையும் நோட்டுல எழுதி வைக்கச் சொன்னாங்க. சட்டத்தை மீறினா வழக்கு போடலாம், நஷ்டத்துக்கு மேல 1,000 டாலர் வரைக்கும் கிடைக்கலாம், ஆனா மீறின நாள்லேர்ந்து ஒரு வருஷத்துக்குள்ள போடணும்.

எல்லாத்தையும் விடப் பெரிய ஆயுதம் அடுத்தது. மொத தொடர்புலயே, இல்லேன்னா அதுலேர்ந்து அஞ்சு நாளைக்குள்ள, வசூல்காரர் ஒரு அறிவிப்பு அனுப்பணும். யாருக்குக் கடன், எவ்வளவு, அதுல வட்டி எவ்வளவு, கட்டணம் எவ்வளவு, கழிச்சது எவ்வளவுன்னு பிரிச்சுக் காட்டணும். அது கைக்கு வந்த 30 நாளைக்குள்ள "இதை நான் ஏத்துக்கல, ஆதாரம் அனுப்பு"ன்னு நாம எழுத்துல கேட்டா, ஆதாரம் அனுப்பற வரைக்கும் வசூலை நிறுத்தி வைக்கணும். எழுத்துலன்னா எழுத்துல. போன்ல கத்தினா கணக்குல வராது. நம்மாளு ஒரு பக்கக் கடிதம் எழுதி, பதிவுத் தபால்ல, பெற்றுக்கொண்ட அத்தாட்சியோட அனுப்பினான். செலவு பத்து டாலர் சொச்சம்.

இதை ஏன் கேக்கணும்? தொகை சரியா இருக்கும்தானேன்னு தோணும். இங்கதான் இந்தத் தொழில் எப்படி நடக்குதுன்னு தெரிஞ்சுக்கணும். வராக்கடன்களை லோன் கம்பெனிகள் மொத்தமா வித்துடுவாங்க. அதை வாங்கறதுக்குன்னே கம்பெனிகள் இருக்கு. 2013ல அமெரிக்க வர்த்தக ஆணையம் வெளியிட்ட ஆய்வுல, ஒரு டாலர் கடனுக்கு அவங்க சராசரியா கொடுத்தது 4 சென்ட். கை மாறும்போது கூட வர்றது பல சமயம் ஒரு பேரும் ஒரு தொகையும் உள்ள பட்டியல்தான். அசல் காகிதங்கள் வர்றது குறைவு. நம்ம ஊர்ல பழைய பாத்திரக்காரர்கிட்ட எடைக்குப் போட்ட குண்டானை அவர் புது விலைக்கே நம்மகிட்ட திருப்பி விக்கப் பார்த்தா எப்படி இருக்கும், அப்படி.

அஞ்சு வாரம் போன் இல்ல. வீடு அமைதியா இருந்துது. அப்புறம் ஆதாரம் வந்துது. உக்காந்து வரி வரியாப் பார்த்தோம். கார் வாங்கும்போது கூடவே தலையில கட்டின நீட்டிப்பு வாரண்டி ஒண்ணு லோன்லயே சேர்ந்திருந்துது. கார் போனதும் அதை ரத்து பண்ணி, பயன்படுத்தாத காலத்துக்கான பணத்தைக் கடன்ல கழிச்சிருக்கணும். கழிக்கல. 940 டாலர். அதைச் சுட்டிக்காட்டி இன்னொரு கடிதம். 7,380 ங்கறது 6,440 ஆச்சு. அப்புறம் மொத்தமா கட்டினா எவ்வளவுக்கு முடிப்பீங்கன்னு பேரம். கடைசியா 4,000. "இதோட இந்தக் கணக்கு ரெண்டு கடனாளிகள் பேருலயும் முடிஞ்சுது"ன்னு கடிதம் கைக்கு வந்த பிறகுதான் பணம் போச்சு. பேங்க் அக்கவுண்ட் நம்பரைக் கடைசி வரைக்கும் குடுக்கல, கேஷியர்ஸ் செக்தான்.

எல்லாக் கதையும் இப்படி முடியாது. ரெண்டு எச்சரிக்கை சொல்லணும்.

ஒண்ணு, "என்னைத் தொடர்பு கொள்ளாதே"ன்னு எழுதிக் கொடுத்தா போன் நிக்கும், அது நம்ம உரிமை. ஆனா கடன் நிக்காது. கோர்ட்டுக்குப் போகலாம். கோர்ட்லேர்ந்து சம்மன் வந்தா அதை மட்டும் டிராயர்ல போட்டு மூடிடாதீங்க. அதுல போட்டிருக்கற தேதிக்குள்ள பதில் தாக்கல் பண்ணலேன்னா, எதிராளி ஆதாரமே காட்டாம ஜெயிச்சுடலாம். அப்புறம் சம்பளத்துல பிடிக்க வழி வந்துடும். மத்தியச் சட்டப்படி பிடித்தம் போக கைக்கு வர்ற சம்பளத்துல அதிகபட்சம் 25 சதவீதம் வரைக்கும். டெக்சாஸ் மாதிரி சில மாநிலங்கள்ல இந்த மாதிரிக் கடனுக்கு சம்பளத்துல கை வைக்க முடியாது, ஆனா பேங்க் அக்கவுண்ட் வேற கதை.

ரெண்டாவது, ரொம்பப் பழைய கடனுக்குப் போன் வந்தா "ஒரு இருபது டாலராவது போடுங்க"ன்னு கேப்பாங்க. பாவம்னு போட்டுடாதீங்க. வழக்கு போட காலக்கெடு உண்டு, பெரும்பாலான மாநிலங்கள்ல 3லேர்ந்து 6 வருஷம். பல மாநிலங்கள்ல ஒரு சின்னத் தொகை கட்டினாலே அந்தக் கெடு மறுபடி மொதல்லேர்ந்து ஓட ஆரம்பிச்சுடும். கெடு முடிஞ்ச கடனுக்கு வழக்கு போடறதும், போடுவேன்னு மிரட்டறதும் வசூல்காரருக்குத் தடை.

"கார் லோன்தானே, நான் எடுத்திருக்கறது எஜுகேஷன் லோன்"னு இருக்கறவங்களுக்கும் ஒரு வார்த்தை. நம்மள்ல பாதிப் பேரோட ஊர் லோன்ல அப்பா கையெழுத்து இருக்கு. 1872ம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம் 128வது பிரிவு, ஜாமீன்தாரரோட பொறுப்பு கடனாளியோட பொறுப்புக்குச் சமம்னு சொல்லுது. மொதல்ல கடனாளிகிட்ட வசூல் பண்ணிப் பாருங்கன்னு ஜாமீன்தாரர் சொல்ல முடியாதுன்னு உச்ச நீதிமன்றம் 1968ம் வருஷத்து பாங்க் ஆஃப் பீகார் வழக்குத் தீர்ப்புல தெளிவா சொல்லிடுச்சு. நாம இங்க வேலை தேடிட்டு ரெண்டு தவணைய விட்டா, போன் திருநெல்வேலிக்குத்தான் போகும். அங்க வசூல் ஏஜெண்டுங்க காலை 8க்கு முன்னாடியும் சாயங்காலம் 7க்கு அப்புறமும் கூப்பிடக்கூடாதுன்னு 2022 ஆகஸ்ட்ல ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை போட்டுச்சு. அப்பாகிட்ட சொல்லி வைங்க. சிக்கல் வரும்னு தெரிஞ்சா பேங்க் கூப்பிடறதுக்கு முன்னாடி நாமளே அப்பாவையும் பேங்கையும் கூப்பிடறது இன்னும் உத்தமம்.

நியூ ஜெர்சி சித்தப்பாவை கோ-சைன் பண்ண வெச்சு இங்கயே தனியார் கல்விக் கடன் வாங்கினவங்களும் உண்டு. "கொஞ்ச நாள் ஒழுங்கா கட்டினா அவர் பேரை எடுத்துடுவாங்க"ன்னு விளம்பரத்துல இருக்கும். அமெரிக்க நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு ஆணையம் 2015ல பார்த்தப்போ, அப்படி விண்ணப்பிச்சவங்கள்ல 90 சதவீதம் பேரை நிராகரிச்சிருந்தாங்க. பேரை எடுக்கறதை நம்பி சித்தப்பாவை உள்ள இழுக்காதீங்க.

இப்போ கேள்விக்குப் பதில். கோ-சைன் பண்ணலாமா?

முழுத் தொகையையும் நாமளே கட்டற மாதிரி நினைச்சுப் பாருங்க. கட்ட முடியும், கட்டினாலும் உறவு கெடாதுன்னா போடுங்க. வாரத்துக்கு 20 மணி நேரம் கேம்பஸ் வேலை பார்க்கறவனுக்கு 14,000 டாலர்னா அதுக்கு பதில் தெரிஞ்சதுதான். போட்டே ஆகணும்னா, எல்லாக் காகிதத்துக்கும் ஒரு நகல் வாங்குங்க. தவணை தவறினா உங்களுக்கும் தகவல் அனுப்பணும்னு லோன் கம்பெனிகிட்ட எழுத்துல கேளுங்க. ஆன்லைன்ல கணக்கைப் பார்க்கற வசதி வாங்கிக்கங்க, மாசம் ஒரு தடவ எட்டிப் பாருங்க. வீடு மாறினா முகவரிய மாத்துங்க. முடிஞ்சா காரோட பத்திரத்துலயும் உங்க பேரு இருக்கட்டும். கடன்ல பேரு, கார்ல பேரு இல்லன்னா, விக்கற அதிகாரம்கூட உங்களுக்கு இருக்காது.

"முடியாது"ன்னு சொல்றதுக்குக் கூச்சமா இருந்தா, கையில இருக்கற ஐநூறோ ஆயிரமோ டவுன் பேமெண்ட்டுக்குக் குடுத்துடுங்க. திரும்பி வந்தா சந்தோஷம். வரலேன்னா நஷ்டம் ஆயிரத்தோட நின்னுடும்.

அந்த 4,000ல சீனியர் 1,500 அனுப்பினார். ஊர்ல ஒரு சின்ன கம்பெனியில சேர்ந்திருக்கார், அந்தச் சம்பளத்துல அது பெரிய தொகை. மீதி 2,500 ரூம்மேட்டோடது. பொங்கலுக்கு ஊருக்குப் போக சேர்த்து வெச்சிருந்தது, டிக்கெட் போடல. சட்டப்படி அதை அவர்கிட்ட கேக்கற உரிமை இவனுக்கு உண்டு, கடல் தாண்டி யாரு கேக்கறது. மாசா மாசம் கொஞ்சம் கொஞ்சமா தர்றேன்னு சொல்லியிருக்கார். போன மாசம் மொத தவணை வந்துது, ஐயாயிரம் ரூபா, இவன் அம்மா அக்கவுண்ட்டுக்கு. "அண்ணன் நல்லவர்தான்டா"ன்னான். ஆமாம், நல்லவர்தான். கடன் பத்திரத்துல அதுக்குன்னு ஒரு கட்டம் கிடையாது, அவ்வளவுதான்.

அடுத்த வெள்ளிக்கிழமை: இந்தியாவுல இருக்கற சேமிப்புக் கணக்கை இங்க வரித்துறைக்குச் சொல்லணுமா? ஏற்கனவே சொல்லிட்டவங்க பின்னூட்டத்துல கை தூக்குங்க :-)

டிஸ்கி: நான் வக்கீல் இல்ல, பக்கத்துல நின்னு கவர்ல ஸ்டாம்ப் ஒட்டினவன். மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் மாறும். உங்க யுனிவர்சிட்டி சட்ட உதவி மையத்துல ஒரு தடவ கேட்டுக்கங்க.